எடை: நூற்றுப் பதினெட்டு

வூட்ஜ் என்றால் படகு.
படகென்று பேர் வைத்துக்கொண்ட இந்தப் போலந்து ஊரில்
ஆறு தெருவுக்கு அடியில், குழாய்க்குள் ஓடுகிறது.
மேலே டிராம்.
மேலே ஓடுவதை எண்ணுகிறவள் நான்.

எண்ணுவதென்றால் முக்கில் நின்று எண்ணுவதில்லை.
இரண்டாயிரத்துச் சொச்சம் வீடுகளுக்கு
ஒரு சின்னக் கையேடு போகும்.
ஒரே ஒரு நாள்தான் கேட்போம்:
எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், எதில், எதற்கு.
'எதற்கு' என்ற கட்டத்துக்கு ஒன்பதே விடைகள்.
வேலை, பள்ளி, கடை, மருத்துவமனை,
யாரையாவது கொண்டுபோய் விட,
இப்படிப் போகும்.
ஒன்பதாவது, 'பிற'.

அதிலிருந்து கணினிக்குள் ஓர் ஊர் செய்வேன்.
பல் துலக்குவது, சண்டை போடுவதெல்லாம் கணக்கில் வராது;
கதவைச் சாத்துவதில் தொடங்கும் வாழ்க்கை.
காலையில் பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டவர்
மாலையில் உருளைக்கிழங்கு வாங்குவாரா என்று
பகடை உருட்டுவேன்.
ஐந்து கிலோ என்றால் கார். ரொட்டி மட்டுமென்றால் டிராம் போதும்.
இருபது வருடம் கழித்து ஒரு பாலம் வேண்டுமா என்பது
கடைசியில் அந்தக் கிழங்கில் வந்து நிற்கும்.

எங்கள் தொழிலின் முதல் பாடம் ஒரு வரி:
யாரும் பயணத்துக்காகப் பயணம் செய்வதில்லை.
போகிற இடத்தில் ஒரு காரியம் இருக்கும்.

வீட்டு எண் 1406.
ஹால்ஷ்கா, வயது இருபத்தொன்பது.
இரவு 11:15, வீட்டிலிருந்து. டிராம்.
12:20, வீட்டுக்கு.
இடையில் எங்கும் இறங்கவில்லை.
நோக்கம்: பிற.
ஓரத்தில் பென்சிலில்,
"கயெதான் டிராமில் மட்டும்தான் தூங்குகிறான்."

என் நிரல் சிவப்பில் கத்தியது:
சேருமிடம் இல்லாத பயணம்.
பொகுமில் காபியோடு வந்து எட்டிப் பார்த்தார்.
"தூக்கிடு. அன்னைக்குப் பல் முளைச்சிருக்கும்."
தூக்கியிருக்கலாம்.
வெள்ளிக்கிழமை, நாலரை மணி, வெளியே அதற்குள் இருட்டு.
அவள் இறங்காத கடைசி நிறுத்தத்தைச்
சேருமிடம் என்று எழுதினேன்.
செயல்: தூக்கம்.
செய்தவர்: வேறொருவர்.

அப்புறம் எடை.
எங்கள் கணக்கில் ஒவ்வொருவரும்
தன்னைப் போன்ற சிலரைச் சுமந்தாக வேண்டும்.
ஹால்ஷ்காவுக்கு விழுந்தது நூற்றுப் பதினெட்டு.
பொத்தானை அழுத்தினேன்.
நூற்றுப் பதினெட்டுத் தாய்மார்
போர்வைச் சுருளோடு நள்ளிரவை நோக்கி ஏறினார்கள்.
பவூத்தி தாண்டும் வளைவில், சக்கரம் கிறீச்சிடும் இடத்தில்,
நூற்றுப் பதினெட்டுக் கயெதான்கள்
ஒரே நொடியில் கண் மூடினார்கள்.

மார்ச்சில் கூட்டம். செலவுக் குறைப்பு.
ராத்திரி வண்டியை நிறுத்திவிடலாம் என்றார்கள்.
என் வரைபடத்தில் பதினொன்றே காலுக்கு ஒரு மேடு.
"இவங்கெல்லாம் யாரு?"
'பிற' என்றேன்.
பொகுமில் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
வண்டி தப்பியது.

மனசு கேட்காமல் நவம்பரில் ஏறிப் பார்த்தேன்.
தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.
"அந்தப் பொண்ணா?" என்றார் ஓட்டுநர்.
"பையன் நடக்க ஆரம்பிச்சிட்டான்.
இப்பல்லாம் வீட்டுலயே அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறானாம்."

காலி இருக்கைகளை எண்ணினேன். பழக்கம்.
பின்னால் ஒருவன்,
கால்சட்டை மடிப்பில் நேற்றைய மாவு.
ரொட்டிக் கடையில் இரவு வேலையாம்;
இந்த வண்டி ஓடுவதைப் பார்த்த பிறகுதான்
அந்த வேலைக்கே ஒத்துக்கொண்டானாம்.
எந்தக் கையேட்டிலும் அவன் இல்லை.
கணக்கு தப்பு; விடை ஏறி உட்கார்ந்திருக்கிறது,
நகத்தைக் கடித்துக்கொண்டு.

அடுத்த கணக்கெடுப்புக்கு இன்னும் நாலு வருடம்.
அதுவரை கணினிக்குள் அந்த நூற்றுப் பதினெட்டும் தூங்கட்டும்.

வளைவு வந்தது.
சக்கரம் கிறீச்சிட்டது.
எனக்கும் கண் சொக்கியது.
எங்கே இறங்குவதென்று
நான் எழுதி வைத்திருக்கவில்லை.